அழுகல் கேள்வி பதில்: முதலில் வெட்டிப் பாருங்கள்

மழை விட்டபாடில்லை. அழுகல் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், எல்லோருக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன். நான் ஊட்டிப் பக்கம் உருளை, கேரட், பூண்டு போடுகிறவள். காபி, மிளகு பற்றி ஓரளவு தெரியும். கேட்கும்போது மூன்று விஷயத்தை எழுதுங்கள்: செடியின் எந்தப் பாகத்தில் ஆரம்பித்தது, நாற்றம் இருக்கிறதா, வெட்டினால் உள்ளே என்ன நிறம். இலையைப் படமெடுத்து அனுப்பிவிட்டு "என்ன மருந்து அக்கா?" என்று மட்டும் கேட்டால் நான் ஊகத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஊகத்தில் சொன்னால் செலவு உங்களுக்குத்தான்.

கேள்வி (குன்னூர்): உருளைக்குப் 'பிரவுன் ராட்' வந்திருக்கிறது என்று மருந்துக் கடையில் சொன்னார்கள். வீட்டுப் பீச் மரத்தில் பழம் அழுகுவதும் பிரவுன் ராட் என்றுதான் படித்தேன். ஒரே மருந்து வாங்கி இரண்டுக்கும் அடிக்கலாமா?

வேண்டாம். 'ராட்' என்றால் அழுகல். புட்டியிலும் புத்தகத்திலும் அப்படிப் போட்டிருப்பது கண்ணுக்குத் தெரிகிற கோலத்தின் பெயர். எந்தக் கிருமி அதைச் செய்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. உருளையில் பிரவுன் ராட் என்றால் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா. மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி, தண்ணீர் போகிற குழாய்களை அடைத்துவிடும். பீச், பிளம்ஸ் பழத்தில் அதே பெயரில் இருப்பது மோனிலினியா என்ற பூஞ்சை. பழம் பழுப்பாகி, சுருங்கி, கிளையிலேயே காய்ந்து தொங்கும். அப்படித் தொங்குவதையெல்லாம் பறித்து அப்புறப்படுத்துவதே பாதி வைத்தியம். வீட்டு உத்தரத்தில் பிரவுன் ராட் என்று தச்சர் சொன்னால் அது மூன்றாவது சங்கதி: மரத்தின் செல்லுலோஸைத் தின்றுவிட்டு லிக்னினை விட்டுவைக்கும் பூஞ்சை. கட்டை பழுப்பாகிச் சதுரம் சதுரமாக வெடிக்கும்.

'பிளாக் ராட்' கதையும் இதேதான். முட்டைகோஸில் அது பாக்டீரியா. இலை ஓரத்திலிருந்து ஆங்கில வி எழுத்துப் போல மஞ்சள் உள்ளே இறங்கும், நரம்பு கறுக்கும். காபியில் அது பூஞ்சை. 'டிரை ராட்' உருளையில் ஃபியுசேரியம் பூஞ்சை, குளிர்நாட்டு வீடுகளின் தரைப்பலகையில் வேறொரு பூஞ்சை. பூஞ்சைக்கான மருந்துகளில் பெரும்பாலானவை பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. அதனால் கடையில் பெயரைச் சொல்லி மருந்து கேட்காதீர்கள். பயிரைக் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி (கோத்தகிரி, கூக்கல்தொரை): உருளை ஐம்பது நாள் பயிர். இலை ஓரம் கருகி, மூன்றே நாளில் பாதித் தோட்டம் போய்விட்டது. கார்பெண்டசிம் இரண்டு தடவை அடித்தேன், நிற்கவில்லை. சில கிழங்கும் அழுகியிருக்கிறது.

கார்பெண்டசிம் அடித்தால் இது நிற்காது அண்ணா. எத்தனை தடவை அடித்தாலும் நிற்காது. இது கருகல் நோய், லேட் பிளைட். இதைச் செய்கிற ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் உண்மையான பூஞ்சை கிடையாது. ஊமைசீட் என்று தனி வகை, பழுப்புக் கடற்பாசிகளுக்கு நெருங்கிய உறவு. கார்பெண்டசிம் உண்மையான பூஞ்சைகளில் பலவற்றுக்குத்தான் வேலை செய்யும்.

சந்தேகம் இருந்தால் விடியற்காலை பனி விலகுவதற்குள் தோட்டத்தில் இறங்குங்கள். கருகிய புள்ளியும் பச்சை இலையும் சேருகிற இடத்தைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். மெல்லிய வெள்ளைப் பொடி ஒரு வளையமாகப் படிந்திருக்கும். வெயில் ஏறி இலை காய்ந்துவிட்டால் அது தெரியாது. பகலில் மட்டும் தோட்டம் பார்க்கிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அந்த வெள்ளைப் பொடிதான் நோயின் வித்துப்பைகள். 12 டிகிரியை ஒட்டிய குளிரும் இலைமேல் தண்ணீர்ப் படலமும் இருந்தால் ஒவ்வொரு வித்துப்பையும் வெடித்து, நீந்தக்கூடிய பல வித்துகளை வெளியே விடும். நம் மலையின் மூடுபனி ராத்திரி அதற்கென்றே அமைந்தது போலத்தான். 1845-ல் அயர்லாந்தில் உருளையை அழித்தது இதே நோய். அடுத்த சில வருஷங்களில் பத்து லட்சம் பேர் அளவுக்குப் பஞ்சத்திலும் காய்ச்சலிலும் செத்தார்கள், ஏறக்குறைய அதே அளவு பேர் ஊரைவிட்டே போனார்கள். ஒரு இலைப்புள்ளியை நான் ஏன் இவ்வளவு கடுமையாக எடுத்துக்கொள்கிறேன் என்று இப்போது புரியும்.

கிழங்கு எப்படி அழுகியது? இலையில் இருந்த வித்தை மழை கழுவி மண்ணில் இறக்கியது. மண் வெடிப்பு வழியாக அது கிழங்கைத் தொட்டது. தோலைச் சீவினால் செம்பழுப்பாக, மணல் மணலாக, உலர்ந்த மாதிரி இருக்கும். நாற்றமும் கொழகொழப்பும் இருந்தால் பின்னாலேயே பாக்டீரியா நுழைந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் மண் அணைக்கும்போது உயரமாக அணையுங்கள். தோண்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே தாளை அறுத்து வெளியே கொண்டுபோய்விடுங்கள். ஈரத்தில் தோண்டாதீர்கள்.

மருந்து என்றால், நோய் வருவதற்கு முன் மேங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். நோய் வந்தபிறகு இலைக்குள் ஊடுருவுகிற மருந்து கலந்தது தேவைப்படும். அதையே திரும்பத் திரும்ப அடித்தால் நோய் பழகிக்கொள்ளும், எனவே மாற்றி அடிக்க வேண்டும். எது, எத்தனை நாள் இடைவெளி என்பதைத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டு அடியுங்கள். ரகத்தையும் நம்பி இருக்க முடியாது. 1968-ல் வந்த குஃப்ரி ஜோதி அப்போது கருகலைத் தாங்கிய ரகம். இன்று அது அப்படித் தாங்குவதில்லை. முத்தோரை உருளை ஆராய்ச்சி நிலையத்தில் இப்போது என்ன ரகம் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு விதை எடுங்கள்.

இன்னொன்று. பொறுக்கி எறிந்த கிழங்கை ஓடைக்கரையிலும் தோட்ட மூலையிலும் குவித்து வைக்காதீர்கள். அந்தக் குவியலில் ஒரு கிழங்கு முளைத்தால் போதும், அடுத்த போகத்துக்கு நோய் அங்கிருந்தே கிளம்பும். ஆழமாகக் குழி தோண்டி மூடுங்கள்.

கேள்வி (நஞ்சநாடு): எங்கள் உருளை பச்சையாகவே வாடுகிறது அம்மா. இலையில் புள்ளி எதுவும் இல்லை. காலையில் நிமிர்கிறது, மதியம் தலை தொங்குகிறது.

உங்களுக்குத்தான் மேலே சொன்ன ரால்ஸ்டோனியா பாக்டீரியா. உறுதி செய்ய ஒரு கண்ணாடி டம்ளர் போதும். வாடிய செடியின் அடித்தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, சுத்தமான தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் தொடும்படி பிடியுங்கள். டம்ளரை ஆட்டக் கூடாது. சில நிமிஷத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் நூலாகக் கீழே இறங்கினால் சந்தேகமே வேண்டாம், அவ்வளவும் பாக்டீரியா. கிழங்கைக் குறுக்கே வெட்டினாலும் தோலுக்கு உள்ளே ஒரு பழுப்பு வளையம் தெரியும். அமுக்கினால் சீழ் மாதிரி கசியும்.

இதற்கு அடிக்கிற மருந்து கிடையாது. வாடிய செடியை வேரோடும் கிழங்கோடும் பிடுங்கிப் புதையுங்கள். மேல்பாத்தித் தண்ணீர் கீழ்ப்பாத்திக்கு இறங்காமல் வாய்க்காலைத் திருப்புங்கள், நம் சரிவில் நோய் தண்ணீரோடுதான் இறங்குகிறது. அடுத்து அந்த நிலத்தில் உருளை, தக்காளி, மிளகாய், கத்தரி எதுவும் வேண்டாம். பூண்டு, கோஸ், கோதுமை, சோளம் என்று மாற்றுங்கள். விதைக்கிழங்கைத் துண்டு போடாமல் முழுதாக நடுங்கள். கத்தி ஒரு நோய்க்கிழங்கைத் தொட்டுவிட்டால் அடுத்து வெட்டுகிற நல்ல கிழங்குகளுக்கும் அதுவே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கேள்வி (எமரால்டு): உருளை வேரில் கடுகை விடச் சின்னதாக மஞ்சள் மணிகள். இதுவும் அழுகலா?

இல்லை, நூற்புழு. 1961-ல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழு. நம் மாவட்டத்து உருளையை வெளியே விதைக்குக் கொண்டுபோகத் தடை வந்ததே இதனால்தான். தனியாகப் பேச வேண்டிய விஷயம். வேரோடு ஒரு செடியை முத்தோரைக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கேள்வி (குன்னூர், மாடித்தோட்டம்): தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுகுகிறது. மருந்து?

நோய் இல்லை. காய்க்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை. ஒருநாள் காயவிட்டு மறுநாள் தொட்டியை நிரப்பாமல் ஒரே சீராகத் தண்ணீர் விடுங்கள், அடுத்து வரும் காய் சரியாகும்.

கேள்வி (கொடைக்கானல், மன்னவனூர்): ஆட்டுக்குக் குளம்பு இடுக்கு அழுகி நொண்டுகிறது. இதுவும் ராட் என்கிறார்கள்.

பெயர் அதுதான், ஆனால் என் துறை இல்லை தம்பி. உங்கள் ஊரிலேயே மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் இருக்கிறது, இன்றைக்கே கேளுங்கள். அதுவரை நொண்டுகிற ஆட்டைப் பிரித்து ஈரமில்லாத இடத்தில் கட்டுங்கள். மற்ற ஆடுகளுக்குத் தொற்றும்.

கேள்வி (கேத்தி பாலாடா): அக்கா, கேரட் தோட்டத்தில் நன்றாகத்தான் இருந்தது. கழுவி, மூட்டை பிடித்து, மேட்டுப்பாளையம் மண்டி வழியாகச் சென்னைக்குப் போனது. இறக்கும்போது மூட்டைக்கு மூட்டை அழுகல், கையில் எடுத்தால் வழுக்குகிறதாம். கழிவு என்று சொல்லி என் கணக்கில் பிடித்துவிட்டார்கள். என்ன மருந்து அடித்திருக்க வேண்டும்?

மருந்து எதுவும் உதவியிருக்காது. இது சாஃப்ட் ராட், பெக்டோபாக்டீரியம். நல்ல மண்ணிலும் தண்ணீரிலும் எப்போதும் கொஞ்சம் இருக்கும். முழுத்தோல் இருக்கிற கேரட்டுக்குள் அதனால் நுழைய முடியாது. ஒரு கீறல், உடைந்த நுனி, அதன்மேல் நிற்கிற தண்ணீர், இந்த மூன்றும் சேர்ந்தால் நுழைந்துவிடும். நுழைந்தபின், செல்லையும் செல்லையும் ஒட்டவைத்திருக்கிற பெக்டினைக் கரைத்துவிடும். கேரட் உருவம் மாறாமலே உள்ளே கூழாகிப்போவது அதனால்தான். கழுவுகிற எந்திரத்தின் டிரம்மில் கேரட் ஒன்றோடொன்று உரசிக் கீறலாகிறது. அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தால் ஒரு மூட்டையின் கிருமி எல்லா மூட்டைக்கும் போகிறது. ஈரத்தோடு மூட்டை பிடித்தால் மிச்ச வேலையை மூட்டையே செய்துவிடும். என்னைக் கேட்டால் தூரத்துக்குப் போகிற கேரட்டைக் கழுவவே கூடாது. மண்ணைத் தட்டி, நிழலில் ஆறவைத்து, அப்படியே அனுப்ப வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து, மண்டி வைத்திருப்பவர்: அம்மா சொல்வது தோட்டத்துக்குச் சரி, வியாபாரத்துக்கு ஆகாது. மண்ணோடு வந்த கேரட்டை எவரும் ஏலத்தில் கேட்பதில்லை, கேட்டாலும் பாதி விலைதான். கழுவுவதில் தப்பில்லை. மழையில் பிடுங்குகிறார்கள், நுனி உடைந்ததைப் பொறுக்காமல் உள்ளே போடுகிறார்கள். அழுகினால் மட்டும் மண்டி ஏமாற்றுகிறது என்கிறார்கள்.

கேத்தி பாலாடா: விலை ஏறுகிற நாளில் மழையா வெயிலா என்று பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த நாள் விலை இருக்காது. "இன்றைக்கே லோடு வேண்டும்" என்று ராத்திரி போன் போடுவதே மண்டிதானே? பொறுக்குகிற கூலி, கழுவுகிற கூலி, மூட்டைக் கூலி எல்லாம் நாங்கள் கொடுக்கிறோம். அழுகலும் எங்கள் தலையிலா?

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. உடைந்த நுனியைப் பொறுக்காமல் விடுவது விவசாயி பக்கத்துப் பிழை, அதை மறுக்க முடியாது. ஆனால் கழுவினால்தான் விலை என்று வைத்தது விவசாயி இல்லை. தோட்டத்தில் அழுகாமல் இருந்த சரக்குக்குச் சென்னையில் வந்த அழுகலை முழுதாக விவசாயி கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

லாரி ஓட்டுகிறவர், குன்னூர்: நான் ஒன்று சொல்லலாமா? லோடு ஏற்றும்போது ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டிருப்போம். தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிடுவார்கள், மழை. பர்லியார் தாண்டியதும் புழுக்கம் ஆரம்பித்துவிடும். மேட்டுப்பாளையத்தில் கயிற்றைத் தளர்த்தி உள்ளே கைவிட்டால் தார்ப்பாயின் உள்பக்கம் சொட்டச் சொட்ட ஈரம். மூட்டை எல்லாம் வெதுவெதுவென்று இருக்கும். யாரும் பிரித்துக் காற்றாட விடுவதில்லை, அப்படியே சென்னைக்குத்தான்.

இவர் சொன்னதை எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள். ஊட்டி 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 மீட்டரை ஒட்டி. சில மணி நேரத்தில் அவ்வளவு உயரம் இறங்குகிறோம். குளிர்ந்த கேரட்மேல் சமவெளியின் ஈரக்காற்று பட்டதும் தண்ணீராகப் படிகிறது. இந்தப் பாக்டீரியா 25 முதல் 30 டிகிரிக்குள் மிக வேகமாகப் பெருகும். நம் மலைக்குளிரில் நாள்கணக்கில் சும்மா கிடந்தது, அந்தத் தார்ப்பாய்க்குள் ஒரே ராத்திரியில் காரியத்தை முடித்துவிடும். கழுவுவது முதல் காரணம் என்றே இன்னும் சொல்வேன். ஆனால் தார்ப்பாய் அதற்குச் சமமான காரணம் என்பதையும் இப்போது சேர்த்துச் சொல்கிறேன்.

மேட்டுப்பாளையம் மண்டி: வண்டியை நிறுத்திப் பிரித்துக் கட்ட ஒருமணி நேரம் ஆகும். விடியற்காலைச் சந்தை தவறினால் அதற்கு யார் பொறுப்பு?

முத்தோரை பாலாடா, கேரட் கழுவும் எந்திரம் வைத்திருப்பவர்: எல்லோரும் எங்களைக் கைகாட்டுகிறீர்கள். ஒவ்வொரு லோடுக்கும் புதுத் தண்ணீர் என்றால் கோடையில் எங்கே போவது? கழுவிய கூலியை மூட்டைக் கணக்கில் குறைக்கச் சொல்கிறவர்கள்தான் தண்ணீரையும் மாற்றச் சொல்கிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். கேரட் பேச்சு இன்னும் நீளும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். எந்திரக்காரருக்குக் கடைசியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (தும்மனட்டி): உருளையில் கருகல். கார்பெண்டசிம் எத்தனை கிராம்?

மேலே கூக்கல்தொரைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். கருகலுக்குக் கார்பெண்டசிம் வேண்டாம்.

கேள்வி (கூடலூர்): காபிச் செடியில் இலை கறுத்துச் செத்துவிடுகிறது, ஆனால் கீழே விழாமல் தொங்குகிறது. காயும் கறுத்து உதிர்கிறது.

தொங்குகிற இலையைக் கையால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். காம்பு கிளையை விட்டு எப்போதோ கழன்றிருக்கும். இலையைத் தாங்கிக்கொண்டிருப்பது வெள்ளை நூல் மாதிரியான ஒரு இழை. அந்த இழைதான் நோய், பிளாக் ராட் பூஞ்சை. கிளையின் அடிப்பக்கமாக ஊர்ந்து இலைக்கு இலை போகும். செத்த இலையை இப்படிக் கட்டித் தொங்கவிடுவதுதான் இந்த நோயின் அடையாளம்.

தென்மேற்குப் பருவமழையில், நிழல் அடர்ந்து காற்று நுழையாத இடத்தில்தான் முதலில் பிடிக்கும். பிடித்த கிளைகளை வெட்டித் தோட்டத்துக்கு வெளியே எரியுங்கள், செடியடியில் போடாதீர்கள். மழைக்கு முன்பே நிழல்மரத்தைக் கழித்து, செடியின் நடுவில் அடர்ந்த கொம்புகளைக் கவாத்து செய்து வெளிச்சம் விழவையுங்கள். பிறகு 1 சதவீதப் போர்டோ கலவை (தயாரிக்கும் முறை அடுத்த பதிலில்), இலையின் அடிப்பக்கம் நனையும்படி. மழை பிடித்தபிறகு அடித்தால் பலன் குறைவு.

கேள்வி (தாண்டிக்குடி): மிளகுக்குப் போர்டோ கலவை தயாரித்தேன், தெளிப்பான் அடைத்துக்கொண்டது. இலையும் கருகிவிட்டது. சரியான முறை என்ன?

இதை முழுதாகவே சொல்கிறேன், நிறையப் பேர் தவறாகச் செய்கிறார்கள். போர்டோ கலவை 1880-களில் பிரான்ஸின் போர்டோ பகுதியில் திராட்சைக்காக வந்தது. வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடாமல் இருக்க, பாதையோரக் கொடிகளில் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்து பூசியிருந்தார்கள். அந்தக் கொடிகளில் நோய் இல்லாததைக் கவனித்தவர் மில்லார்டே என்ற பேராசிரியர். அந்தக் கலவைதான் இன்றும் நம் மிளகுக்கும் காபிக்கும்.

100 லிட்டருக்கு மயில்துத்தம் 1 கிலோ, நல்ல நீற்றுச் சுண்ணாம்பு 1 கிலோ. மயில்துத்தத்தை ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் 50 லிட்டரில் கரையுங்கள். இரும்பு, தகரம், அலுமினியப் பாத்திரம் கூடாது. சுண்ணாம்பை இன்னொரு பீப்பாயில் 50 லிட்டரில் கரைத்து, ஆறவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். உங்கள் தெளிப்பான் அடைத்தது இந்த வடிகட்டலை விட்டதால்தான். பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெதுவாக ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். சுண்ணாம்பை மயில்துத்தத்தில் ஊற்றக் கூடாது. வானநீல நிறத்தில் திரளாமல் வர வேண்டும்.

சுத்தமாகத் தேய்த்த இரும்புக் கத்தியை அதில் கொஞ்ச நேரம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அந்தக் கலவைதான் இலையைக் கருக்கும். நிறம் படியாத வரை சுண்ணாம்புத் தண்ணீர் சேருங்கள். கலந்த அன்றைக்கே அடித்து முடித்துவிடுங்கள், மறுநாளைக்கு வைக்கக் கூடாது. மிச்சத்தை ஓடையில் ஊற்றாதீர்கள், செம்பு மீனைக் கொல்லும். மண்ணிலும் செம்பு சேர்ந்துகொண்டே போகும், அதனால் தேவைக்கு மேல் ஒரு தடவை கூட வேண்டாம்.

கேள்வி (குன்னூர்): பழைய வீடு. ஜன்னலடியில் பலகைத்தரை மெத்தென்று அமுங்குகிறது. பெயின்ட் அடித்தால் நிற்குமா?

பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு இன்னும் சீக்கிரம் போகும். மரத்தைத் தின்கிற பூஞ்சைக்கு ஈரம் வேண்டும், மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. எனவே முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: ஜன்னல் கட்டையா, கூரைத் தாழ்வாரமா, சுவர் அடியில் குவித்த மண்ணா. பழைய பங்களாக்களில் தரைக்கு அடியில் காற்றுப்போக்கி வைத்திருப்பார்கள். பின்னால் வந்தவர்கள் எலிக்குப் பயந்து சிமென்ட் பூசி அடைத்திருப்பார்கள். அதைத் திறந்து கம்பிவலை போடுங்கள். ஸ்குரூ டிரைவரால் பலகையைக் குத்திக்கொண்டே போங்கள், உறுதியான மரம் தட்டுப்பட்ட பிறகும் ஒரு அடி தள்ளி வெட்டி மாற்றுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): ஸ்ட்ராபெர்ரியில் சாம்பல் நிறப் பூஞ்சணம். பழத்தில் இது வந்தால் உயர்ந்த ஒயின் கிடைக்கும் என்று என் மகன் சொல்கிறானே, உண்மையா?

உண்மைதான். போட்ரிடிஸ் சினெரியா. ஹங்கேரியின் தொக்காய், பிரான்ஸின் சோதெர்ன் பகுதிகளில் காலையில் மூடுபனி, மதியம் வெயில் என்று இருக்கும்போது இதே பூஞ்சை திராட்சைத் தோலைத் துளைத்துவிடுகிறது. உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிச் சர்க்கரை செறிகிறது. ஆனால் மதிய வெயில் இல்லாமல் தொடர்ந்து மழையாக இருந்தால் அங்கேயும் அது வெறும் அழுகல்தான். உங்கள் ஸ்ட்ராபெர்ரிக்கு எந்த வெயிலிலும் இதனால் நன்மை கிடையாது. பிடித்த பழத்தையும் காய்ந்த பூவிதழையும் தினமும் எடுத்துவிடுங்கள், மண்ணில் படாமல் பாத்தியில் ஷீட் விரியுங்கள், மாலையில் மேலாகத் தண்ணீர் தெளிக்காதீர்கள். எடுத்த பழத்தைத் தோட்ட மூலையில் கொட்டக் கூடாது. கிழங்குக்குச் சொன்னது இதற்கும்தான்.

கேள்வி (கொடைக்கானல், பூம்பாறை): அண்ணன் தோட்டத்திலிருந்து விதைப்பூண்டு வாங்கி நட்டேன். இலை மஞ்சளாகி, பிடுங்கினால் வேர் இல்லாமல் கையோடு வருகிறது. அடியில் பஞ்சு மாதிரி வெள்ளை. அதில் கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ.

அந்தக் கறுப்புப் பொடியைத்தான் கேட்க வேண்டும். கசகசா அளவுக்கு, உருண்டையாக, தேய்த்தால் கெட்டியாக இருக்கிறதா? இருந்தால் வெள்ளை அழுகல், ஒயிட் ராட். வருத்தமாகத்தான் சொல்கிறேன், பூண்டுக்கு வருவதில் இதைவிடக் கெட்டது இல்லை. அந்தக் கறுப்பு மணிகள் மண்ணில் இருபது வருஷம் வரை உயிரோடு கிடக்கும். நெல், கோஸ், பீன்ஸ் என்று எதைப் போட்டாலும் தூங்கிக்கொண்டிருக்கும். பூண்டு, வெங்காயத்தின் வேர் வெளியிடும் வாசனைச் சத்து பட்டால்தான் விழித்து முளைக்கும். அதனால் ஒரு போகம் மாற்றிப் போட்டால் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கறுப்பு மணி இல்லாமல், அடித்தட்டு மட்டும் பழுப்பாகி, பற்கள் வெளிர்ச்சிவப்பாகவோ வெள்ளையாகவோ பூஞ்சணம் பிடித்திருந்தால் அது ஃபியுசேரியம். அதைப் பயிர்ச்சுழற்சியாலும் நல்ல விதையாலும் சமாளிக்கலாம்.

ஒயிட் ராட் என்றால் நோய் கண்ட செடிகளைச் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டிச் சாக்கில் போட்டு வெளியேற்றுங்கள். அந்தப் பாத்தியில் இறங்கிய மண்வெட்டியையும் செருப்பையும் கழுவாமல் அடுத்த பாத்தியில் இறங்காதீர்கள். அங்கே இனிப் பூண்டு, வெங்காயம் வேண்டாம். உங்கள் அண்ணனிடமும் இன்றே சொல்லுங்கள். கோபித்துக்கொள்வாரே என்று சொல்லாமல் இருந்தால், அவர் இன்னும் பத்துப் பேருக்கு விதை கொடுப்பார். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. பூம்பாறை, மன்னவனூர் மேல்மலை ஊர்களின் மண்தான் அந்தப் பெயருக்கு ஆதாரம். அந்த மண்ணில் இந்த மணிகள் பரவினால் நம் காலத்தில் எடுக்க முடியாது. விதைப்பூண்டை உறவு முறைக்குக் கொடுப்பதானாலும் அடித்தட்டை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுங்கள்.

கேள்வி (எல்லநள்ளி): உருளைக் கருகலுக்குக் கார்பெண்டசிம்மோடு வேறு ஏதாவது கலந்து அடிக்கலாமா?

கார்பெண்டசிம் கேட்டு இனி வருவதற்குப் பதில் எழுத மாட்டேன். கூக்கல்தொரை பதில்.

முத்தோரை பாலாடா, கேரட் எந்திரம்: அக்கா, எனக்குச் சொல்கிறேன் என்றீர்கள்.

சொல்கிறேன் அண்ணா. முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டாம். டிரம்மில் மண்ணைக் கழற்றப் பழைய தண்ணீரே போகட்டும், கடைசி அலசலுக்கு மட்டும் சுத்தத் தண்ணீரைக் குழாயில் மேலிருந்து விடுங்கள். அதற்கு ஆகிற தண்ணீர் குறைவுதான். டிரம் சுற்றும் நேரத்தைக் குறையுங்கள், மின்னும் வரை சுற்றவிட்டால் தோல் போய்விடும். வெளியே வந்ததை நேராக மூட்டையில் தள்ளாமல் கம்பிவலைத் தட்டில் பரப்பி, சொட்டுவது நின்று தோல் உலர்ந்த பிறகு மூட்டை பிடியுங்கள். மழைநாளில் ஒரு மின்விசிறி வையுங்கள். உடைந்த நுனியும் கீறலும் உள்ளதை அந்தத் தட்டிலேயே பொறுக்கிவிடலாம்.

மண்டிக்காரர் விலை பற்றிச் சொன்னதைப் பேசித் தீர்க்க முடியாது, செய்து பார்க்கலாம். அடுத்த சென்னை லோடில் கேத்தி பாலாடாத் தம்பி ஒரே தோட்டத்துக் கேரட்டை மூன்றாகப் பிரித்து ஏற்றட்டும்: கழுவாதது, வழக்கம்போல் கழுவியது, இப்படி உலர்த்தியது. மூட்டையில் மூன்று நிற நூல் கட்டுங்கள். குன்னூர் டிரைவர் மேட்டுப்பாளையத்தில் பின்பக்கத் தார்ப்பாயை மட்டும் தூக்கிக் கட்டட்டும், அதற்கு ஒருமணி நேரம் ஆகாது. இறக்குகிற இடத்தில் மூன்றிலும் எத்தனை கிலோ கழிந்தது, எந்த விலை போனது என்று மண்டிக்காரரே எடை போட்டு எழுதி அனுப்பட்டும். சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், வந்த கணக்கை அப்படியே இங்கே போடுகிறேன்.